மௌத்தானவர் வைத்த கையெழுத்து

என் கணவர் மௌத்தாகி, மண்ணுக்குப் போய், இரண்டாம் மாதம் அரசாங்கத்துக்குப் போன ஒரு கடிதத்தில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. அதை வைத்தது நான். முதலிலேயே சொல்லிவிட்டேன். கடைசிவரை மறைத்து வைத்துத் திடுக்கிட வைக்கிற கதை சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

பெயர் ஒன்றும் எழுதமாட்டேன். கம்பனியின் பெயரோ அமைச்சின் பெயரோ எங்கள் ஊரின் பெயரோ வராது. பெயரால் பட்டது போதும். கற்பிட்டிப் பக்கம், ஒரு கரையில் கடலும் மறு கரையில் களப்பு என்கிற உப்பேரியுமாக நீண்டு கிடக்கிற மணல் நிலத்தில் எங்கள் ஊர். அங்கே எங்களுக்கு ஒரு ஏக்கர் வெங்காயத் தோட்டம். தோட்டத்துக்குத் தெற்கே கம்பனியின் சுண்ணாம்புச் சூளை. நிலக்கரி போட்டு எரிக்கிறார்கள். தெற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் வெங்காயத் தாளைத் தொட்டால் விரல் கறுக்கும். கிணற்றுத் தண்ணீரும் வருடத்துக்கு வருடம் உப்பாகிக்கொண்டு வந்தது. கடல் ஏறுகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அதை நாங்கள் பேப்பரில் பார்க்கத் தேவையில்லை, தேத்தண்ணியில் தெரியும்.

அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. எதற்கும் துண்டு, ரசீதுத் துண்டு, கேட்பார். பஸ்ஸில் கண்டக்டர் காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் கிழிக்காமல் போனால் கூப்பிட்டு, "தம்பி, துண்டத் தாங்க" என்பார். உரக் கடையில், ஆஸ்பத்திரியில், பள்ளிவாசலில் சந்தா கட்டும்போது, எங்கே போனாலும் துண்டுதான். ஒரு முறை தேத்தண்ணிக் கடையில் இரண்டு வடைக்குத் துண்டு கேட்டுவிட்டு வந்தார். வெட்கத்தில் நான் ஒரு கிழமை, ஏழு நாள், அந்தத் தெருவால் போகவில்லை. "துண்டு இல்லாத கத காத்துல போற கத" என்று சொல்லுவார். அலுமாரியின் கீழ்த் தட்டு முழுக்க அவருடைய துண்டுகள். என் சீலைகளை மேல் தட்டில் திணித்துக்கொண்டு நான் திட்டுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்வதில்லை. "மகள்ட வாப்பா" என்போம். முன்னால் நின்றால் "இஞ்ச பாருங்க" என்போம். அவருக்கு அதில் ஒரு விளையாட்டு. நான் அடுப்படியில் வேலையாக இருக்கும்போது வந்து நின்று, "ஒரு தரம் சொல்லிப் பாரு புள்ள. கடல் வத்திப் போகாது" என்பார். "போங்க, வெக்கங்கெட்ட மனுசன்" என்று அகப்பையைத் தூக்குவேன். இருபத்தேழு வருடமாக இதே விளையாட்டு. நானும் சொல்லவில்லை, அவரும் விடவில்லை.

அவர் மௌத்தாகிற வருடம் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. நிலக்கரி எரிக்கிற தொழிற்சாலைகள் ஐந்து வருடத்துக்குள் புகையைக் குறைக்க வேண்டும், எவ்வளவு புகை விடுகிறோம் என்று வருடா வருடம் வாசலில் பலகை போட்டு எழுத வேண்டும் என்று ஒரு சட்ட விதி வரப்போகிறதாம். காலநிலைக்காகவாம். அவர் அதைக் கத்தரித்து அலுமாரியில் வைத்தார். சில மாதம் கழித்து அதே விதி பற்றி இன்னொரு செய்தி. ஐந்து வருடம் பதினைந்து வருடமாகியிருந்தது. பலகை "விரும்பினால் போடலாம்" என்று ஆகியிருந்தது. சம்பந்தப்பட்ட தரப்புகளுடன் கலந்துரையாடிய பின் இந்த மாற்றம் என்று போட்டிருந்தார்கள்.

அவர் இரண்டு துண்டுகளையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"கழுத தேஞ்சி கட்டெறும்பான கதையா இரிக்கி" என்றார். "சம்பந்தப்பட்ட தரப்பு எண்டா ஆரு? எங்கட தோட்டத்துக்குச் சம்பந்தமில்லையா? எங்களோட ஆரு கதைச்ச?"

"ஒங்களோட கதைக்கத்தான் கொழும்புல ஆக்கள் காத்துக்கொண்டு இரிக்காங்க" என்றேன் நான்.

"என்னோட கதைக்க வேணாம். ஆரோட கதைச்ச, என்ன கதைச்ச எண்டு ஒரு துண்டு தரட்டும். அது போதும்."

எங்கள் ஒரே மகள் டவுனில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறாள். தகவல் அறியும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, யாரும் அரசாங்கத்திடம் எழுதிக் கேட்கலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வாப்பாவும் மகளும் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு இருந்து எழுதினார்கள். மூன்று கேள்வி. இந்த விதி பற்றி அமைச்சு யார் யாரைச் சந்தித்தது? அவர்கள் எழுத்தில் என்ன கொடுத்தார்கள்? ஐந்தைப் பதினைந்தாக்கச் சொன்னது யார்? அவ்வளவுதான். எழுதி முடித்த பிறகு மூன்று தரம் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். அவருடைய கையெழுத்து மீன் தூண்டில் மாதிரி வளைந்து தொடங்கும். கடைசியில் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டு வாங்கி, அலுமாரியில் வைத்தார்.

"வாசிக்காத கடுதாசியில கைய வைக்கப்படாது" என்று மகளுக்குப் புத்திமதி வேறு. நானும் அங்கேதான் பருப்புப் புடைத்துக்கொண்டு இருந்தேன்.

பதினேழாம் நாள் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும்போது விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. அன்று மாலை அஸர் தொழுகையோடு அடக்கினார்கள். நான் அழவில்லை. அழக்கூடாது என்று பிடித்து வைத்துக்கொண்டதல்ல. வரவில்லை. எல்லாரும் வந்து என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு நான் தண்ணீர் கொடுத்தேன்.

பிறகு இத்தா இருந்தேன். நாலு மாதமும் பத்து நாளும். விதவையானவள் வீட்டை விட்டு வெளியே போகாமல், பிற ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற காலம். முன் அறையில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு கட்டில், நான். அந்த மாதங்களைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. ஃபேன் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக் என்று சத்தம் போடும். மகள் தேத்தண்ணியில் சீனி போட மறந்த நாள்களில் அதையும் அப்படியே குடித்திருக்கிறேன், அவள் சொல்லித்தான் தெரியும். "அழு புள்ள, அழுதாத்தான் ஆறும்" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சரி என்று தலையாட்டினேன்.

இரண்டாம் மாதம் ஒரு நாள் பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் என் ராத்தா வந்தாள். என் மூத்த சகோதரி. அவளுடைய மாப்பிள்ளை, எனக்கு மச்சான், எங்கள் பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறவர். அவர் கேற்றுக்கு வெளியே நின்றுகொண்டு இவளை உள்ளே அனுப்பியிருந்தார். ராத்தாவின் கையில் ஒரு கட்டுக் கடதாசி. கம்பனி மதரசா மண்டபத்தில் கூட்டம் வைத்து, ஊருக்கு உலர் உணவுப் பொதி கொடுக்கிறதாம். அரிசி, பருப்பு, சீனி, பால்மா. வீட்டுக்கு ஒரு பொதி. பந்திக்கு முந்து என்று சனம் நெருக்குகிறதாம்.

"நீ வர ஏலாதுதானே. அதான் மச்சான் ஒனக்குள்ள பொதிய எடுத்து வெச்சாரு. இதுல ஒன்ட வீட்டுக்கு நேரே வெச்சித் தா" என்றாள்.

கடதாசி எங்கள் ஜமாஅத் புத்தகத்தைப் பார்த்து எழுதினது. பள்ளிக்குச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் அந்தப் புத்தகத்தில் ஒரு இலக்கம், இலக்கத்துக்கு நேரே வீட்டுத் தலைவரின் பெயர். ஆள் மௌத்தானாலும் உடனே பெயரை எடுக்க மாட்டார்கள். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு நடக்கிற வருடக் கூட்டத்தில்தான் மாற்றுவார்கள். அதுவரை சந்தா, நோன்புக் கஞ்சி, குர்பான் இறைச்சி எல்லாம் அந்தப் பெயரில்தான். பொஞ்சாதி அந்தப் பெயருக்கு நேரே வைத்து வாங்கிக்கொள்ளுவாள். அவர் உயிரோடு இருக்கும்போதே தோட்டத்தில் நிற்கிற நேரங்களில் அவருடைய கையெழுத்தை நான்தான் போடுவேன். ஊரில் எல்லாப் பெண்களும் போடுகிறதுதான். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. அது வீட்டின் கையெழுத்து.

எழுபத்து மூன்றாம் இலக்கம். அவருடைய பெயர். ராத்தா பேனையைத் தந்தாள். தூண்டில், கோடு, இரண்டு புள்ளி. எதற்கு வைக்கிறேன் என்று வாசித்துப் பார்க்கவில்லை. வாசிக்க ஒன்றும் இருக்கவுமில்லை, ராத்தா தாள்களைப் புரட்டும்போது முதல் தாளின் மேல்பக்கம் வெறுமையாகக் கிடந்தது கண்ணில் பட்டது. ஏன் வெறுமை என்று நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பெயரை அன்று கையால் தொட எனக்கு விருப்பமாகவும் இருந்தது. இரண்டு மாதத்தில் எனக்கு விருப்பம் என்று ஒன்று வந்தது அன்றுதான். பால்மாவை மகள் பாவித்தாள்.

இத்தா முடிந்து ஒரு கிழமையில் தபால்காரர் வந்தார். என் கணவரின் பெயருக்குப் பதிவுத் தபால். தடித்த உறை. தபால்காரர் ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர்தான். இருந்தும் பழக்கத்தில் புத்தகத்தை நீட்டினார், நானும் பழக்கத்தில் தூண்டிலைப் போட்டு வாங்கினேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அன்று மாலை மகள் வேலை முடிந்து வந்து உறையை உடைத்தாள். மேலே அமைச்சின் பதில், சிங்களத்தில். அவள் வாசித்து வாசித்துச் சொன்னாள். முதலாம் கேள்விக்கு, அப்படியான சந்திப்புகளுக்குப் பதிவு வைக்கப்படுவதில்லை. மூன்றாம் கேள்விக்கு, அது ஒரு நிறுவனத்தின் வியாபார இரகசியம் சம்பந்தப்பட்டது, தர முடியாது. இரண்டாம் கேள்விக்கு மட்டும் பதில் இருந்தது. எழுத்தில் கிடைத்த கடிதத்தின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

கடிதம் இங்கிலீஷில். கடலோர மக்களின் நலன் காக்கும் சங்கம் ஒன்று எழுதினதாம். அப்படி ஒரு சங்கம் எங்கள் பக்கம் இருப்பதை நாங்கள் அன்றுதான் அறிந்தோம். கரையோரக் குடும்பங்களாகிய நாங்கள் எங்கள் தொழிலும் எங்கள் பிள்ளைகளின் வேலையும் கெடாமல் இருக்க, அவசரப்பட்டு புகை விதியைக் கொண்டுவர வேண்டாம், பதினைந்து வருட அவகாசம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். கீழே, எங்களுடைய கையெழுத்துகள் இணைப்பில்.

மகள் இணைப்பைத் திருப்பினாள். தமிழ். எங்கள் ஜமாஅத் இலக்கங்கள். முதல் தாளில், வெறுமையாக இருந்த மேல்பக்கத்தில், இப்போது மூன்று வரி தட்டச்சில் இருந்தது. அவளுடைய விரல் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டு வந்தது. நான் அவளுடைய விரலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

"உம்மா, வாப்பாட பேர் இரிக்கி."

"ஓம்."

"வாப்பா வெச்சிரிக்காரு. ஏன் உம்மா? வாப்பா எப்பிடி…" திகதியைப் பார்த்தாள். திரும்பப் பார்த்தாள்.

"நான்தான் வெச்ச" என்றேன். "பால்மாவுக்கு."

அவள் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. கடதாசிகளை மடித்து உறையில் போட்டு அலுமாரியில், வாப்பாவின் தட்டில் வைத்தாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. யார் அமைச்சோடு கதைத்தது என்று கேட்ட மனுஷனுக்கு, நீதான் கதைத்தாய் என்று பதில் வந்திருந்தது. பதினைந்து என்று பேப்பரில் வந்த பிறகு, அவர் கேள்வி அனுப்பிய பிறகுதான் கம்பனி அதற்குத் துண்டு தேடியிருக்கிறது. அந்தத் துண்டைக் கொடுத்தவள் நான். இது எனக்கு விளங்கியது. விளங்கியதே தவிர, நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் மகள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மேன்முறையீடு. பதில் சரியில்லை என்றால் இரண்டு கிழமைக்குள் எழுதிக் கேட்கலாம். ஆனால் முதலில் கேட்டவர்தான் கேட்க வேண்டும். அவள் அமைச்சுக்குப் போன் எடுத்துக் கேட்டிருந்தாள். கேட்டவர் மௌத்தாகிவிட்டார் என்று சொன்னாயா என்றேன். இல்லை என்றாள்.

"எல்லாம் நிரப்பிட்டன். நீங்க வாப்பாட கையெழுத்த மட்டும் வெச்சித் தாங்க."

நான் படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"கம்பனிக்கு வெச்சீங்கதானே உம்மா. வாப்பாவுக்கு வைக்க ஏலாதா?"

என் மகள் வாயைத் திறந்தால் அப்படித்தான். என்னிடமிருந்து போனது. பேனையை எடுத்தேன். தூண்டிலின் வளைவை முக்கால்வாசி போட்டுவிட்டேன். வைத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஒருவருக்கும் தெரியாது. அவர் கேட்ட கேள்வியை அவரே திரும்பக் கேட்டதாகிவிடும். நல்ல காரியம்தான். ஆனால் அந்த அரைவாசித் தூண்டிலைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. கம்பனிக்குத் தேவைப்பட்டபோது மௌத்தானவரை எழுப்பி ஒரு கையெழுத்து. இப்போது எங்களுக்குத் தேவைப்படும்போது எழுப்பி இன்னொன்று. இந்த மனுஷனை இன்னும் எத்தனை தரம் கபுறிலிருந்து எழுப்புவது?

"நான் வைக்கல்ல" என்றேன். "என்ட பேர்ல புதுசா எழுது. அதே மூணு கேள்வி. அதோட இன்னொரு கடுதாசி. அந்த லிஸ்டுல இரிக்கிறது மௌத்தானவர்ட பேர், வெச்சது நான், அத வெட்டுங்க எண்டு."

"அப்பிடி எழுதினா நீங்க பொய்க் கையெழுத்து வெச்ச எண்டு ஆகும் உம்மா."

"வெச்சதானே."

எங்கள் ஊரில் மூடி வைக்கிறது ஒன்றும் மூடி இருக்காது. நான் சொல்வது உண்மை என்று சத்தியக் கடதாசி முடிக்க சமாதான நீதவானிடம் போனேன், அஸருக்குள் ராத்தா என் வாசலில். மச்சானும் கூட. இத்தா முடிந்துவிட்டதால் அவர் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். இருந்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை.

"ஊரெல்லாம்தான் வெச்சிரிக்கி" என்றாள் ராத்தா. "நீ மட்டும் என்ன பெரிய நீதவான்? பள்ளிப் பேரு கெடும். மச்சான்ட பேரு கெடும். பொலிசுக்குப் போனா ஒன்னத்தான் முதல்ல பிடிப்பாங்க, தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா பேசாம இரி. மௌத்தான மனுசன் வந்து கேக்கப்போறாரா?"

மச்சான் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் என்னத்தக் கண்ட தங்கச்சி? வீட்டு லிஸ்ட் வேணும், ஆருக்கும் விடுபடப்படாது எண்டு கேட்டாங்க. புத்தகத்தக் குடுத்த. அரிசி பருப்பெண்டுதான் நெனச்ச. மேல எழுத்து வரும் எண்டு சத்தியமா எனக்குத் தெரியாது."

நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற மனுஷன் அவர். ஊரில் குர்பான் இறைச்சி பங்கிடும்போது தன் வீட்டுப் பங்கை மறந்துவிட்டு வருகிறவர். அவரிடம் ஆளில்லா வீடுகளும் விதவை வீடுகளும் எது எது என்று கேட்டால் ஒரு தரம் யோசித்திருப்பார். பொதி கொடுக்கப் புத்தகம் தாருங்கள் என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? எங்களிடம் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று கம்பனிக்குத் தெரிந்திருந்தது. எங்களைப் பற்றி எங்களை விட அவர்கள் படித்திருந்தார்கள்.

"மச்சான், ஒங்கட பேர நான் எழுதல்ல" என்றேன். "என்ட பேர மட்டுந்தான் எழுதின."

ராத்தா தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போனாள். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் என் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் போனது அன்று ஒரு நாள்தான்.

மூன்று மாதம் கழித்து அமைச்சிலிருந்து விசாரணை என்று புத்தளம் டவுனுக்குக் கூப்பிட்டார்கள். அரசாங்கக் கட்டிடம் ஒன்றின் மேல் மாடி. நானும் மகளும் காலை பஸ்ஸில் போனோம். உப்பளங்களைத் தாண்டும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பிடிக்கக் கொடுத்தேன். எனக்குப் பயமாக இல்லை. பயம் வருவதற்கும் ஒரு உயிர்ப்பு வேண்டும்.

அறையில் கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்கள அதிகாரி அம்மா. தமிழ் நன்றாகப் பேசினார். பக்கத்தில் கம்பனி ஆள், கழுத்தில் டை, மடியில் ஃபைல். சின்ன வயது, மரியாதையான பிள்ளை, எங்களைக் கண்டதும் எழும்பி நின்றான். மேசையில் ஒரு போனை வைத்து, எல்லாம் இதில் பதிவாகும் என்றார் அதிகாரி. யார் யாரைச் சந்தித்தார்கள் என்பதற்குப் பதிவில்லாத அமைச்சு. சரி, நான் வந்ததற்காவது பதிவு இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். கம்பனி ஆளிடம் திரும்பினார்.

"இந்த மூன்று வரி எப்ப போட்டது? ஆட்கள் கையெழுத்து வைக்க முதலா, பிறகா?"

"நல்லெண்ணத்தோட செய்த வேலை மேடம். அது… சங்கத்தில கேட்டுத்தான் சொல்லணும்."

"சங்கத்தில் யார்?"

"பார்த்துச் சொல்றேன் மேடம்."

அதிகாரி எழுதினார். அந்த ஒரு வரியை எழுத அவர் எடுத்த நேரத்தில் ஃபேன் பல தரம் சுற்றியது. பிறகு அந்தத் தாளை என் பக்கம் திருப்பினார்.

"அம்மா, எது உங்கள் கணவரின் பெயர்?"

எழுபத்து மூன்றில் விரலை வைத்தேன்.

"வாயால் சொல்லணும். போனில் பதியுது."

"இதுதான்" என்றேன்.

"இதுதான் என்றால் பதிவில் விளங்காது. வெட்டச் சொல்லுகிற பெயரை நீங்கள் சொல்லணும்."

என் நாக்கு எழும்பவில்லை. வெட்கம் என்று சொல்ல ஏலாது, வெட்கப்படுகிற வயதா? பழக்கம். இருபத்தேழு வருடம் பூட்டிக் கிடந்த கதவு துருப்பிடித்துப் போயிருந்தது. நான் சும்மா இருக்க இருக்க, அறையில் எல்லாரும் வேறு மாதிரி நினைக்கத் தொடங்கினார்கள்.

"கணவர் பேரிலயே சந்தேகம்போல" என்றான் கம்பனிப் பிள்ளை, மெல்லமாக, மரியாதையாக.

மகள் வாயைத் திறந்தாள். அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார். "மகள் சொல்ல ஏலாது. சத்தியம் செய்தவர்தான் சொல்லணும்."

சொன்னேன். முழுப் பெயர். அவருடைய வாப்பாவின் பெயரையும் சேர்த்து, கல்யாணத்தில் நிகாஹ் எழுதின அன்று லெப்பை வாசித்த மாதிரி. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

அதிகாரி அடிமட்டத்தை எடுத்தார். சிவப்புப் பேனை. பெயரின் தொடக்கத்திலிருந்து தூண்டில் முடியும் வரை ஒரே கோடு. ஓரத்தில் "காலஞ்சென்றவர்" என்று எழுதி, பக்கத்தில் என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். என் கையெழுத்து எனக்கே பழக்கமில்லை, பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்து மாதிரி வந்தது. என்மேல் வழக்கு வருமா என்று மகள் கேட்டாள். நானாக வந்து சொன்னதால் அப்படி எழுதப்போவதில்லை என்றார் அதிகாரி. ஒரு பெயர் வெட்டுப்பட்டதால் கடிதம் இல்லாமல் போகாது என்றும், என் மூன்று கேள்விக்கும் பதில் தபாலில் வரும் என்றும் சொன்னார். நான் எழும்பவில்லை.

"இன்னும் என்ன அம்மா?"

"வெட்டின எண்டு ஒரு துண்டு தாங்க."

கம்பனிப் பிள்ளை சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. தாளைப் பிரதி எடுத்து, முத்திரை குத்தித் தந்தார்.

பதில் இன்னும் வரவில்லை. விதி இன்னும் வரவில்லை. சூளை எரிகிறது. போன கிழமை ராத்தா வந்தாள், தேத்தண்ணி குடித்தாள், போகும்போது சத்தியக் கடதாசிக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பட்டியலில் அவளுடைய வீட்டு இலக்கம் பதினொன்று.

ஆனால் அன்று பஸ்ஸில் நடந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். ஜன்னல் ஓரம் நான், பக்கத்தில் மகள். கண்டக்டர் காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் கிழிக்காமல் நகர்ந்தான். "தம்பி, துண்டத் தாங்க" என்றாள் மகள். வாங்கி என் கையில் வைத்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்.

"உம்மா, நீங்க வாப்பாட பேரச் சொல்லி நான் கேட்டதே இல்ல. இன்டைக்குத்தான்."

"வாப்பாவும் கேட்டதில்ல" என்றேன்.

இருபத்தேழு வருடம் அடுப்படியில் வந்து நின்று, ஒரு தரம் சொல்லிப் பாரு என்று கேட்ட மனுஷன். கடைசியில் நான் அந்தப் பெயரைச் சொன்னது, அதை வெட்டிவிடுங்கள் என்று சொல்லத்தான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பாலாவிச் சந்தியில் சனம் ஏறி இறங்கியது, கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தான், மகள் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஊருக்கு வந்து இறங்கும்வரை அழுதேன்.